கண்ணுக்குள் விழுந்த கறுப்புச் சேலை

சென்ற வருடம் ஜூன் மாதம், மழை விடாமல் பெய்த கிழமை. ஹெவ்லொக் டவுனில் எங்கள் வீட்டு விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மாமா, "கண்ணுக்குள்ள கொசு பறக்குது மகள்" என்றார். மறுநாள் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியதாம். கண் களைப்பு என்று சொட்டு மருந்து விட்டோம். ஐந்தாம் நாள், கறுப்புச் சேலையை இழுத்து மூடியது போல் பாதிப் பார்வை மறைந்தது. விழித்திரை கழன்றிருந்தது. இத்தனைக்கும் ஒரு துளி வலி இல்லை.

விழித்திரை கண்ணின் உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதன் முன்னே ஜெலி போல் நிறைந்திருக்கும் கண்ணாடியுடனீர், வயது போகப் போக இளகிச் சுருங்கி விலகும். அநேகருக்கு இது தீங்கில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கோ விலகும்போது விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். கிழிசலால் நீர் பின்னே புகுந்தால், ஓதமேறிய சுவரில் சுண்ணாம்பு உரிவது போல் படலம் உரிந்து வரும்.

"இது மழைக் காலத்து வருத்தமா?" என்று உம்மா வைத்தியரிடம் கேட்டார். அவர் சிரித்தார், நான் தேடிப் பார்த்தேன். நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் வெயில் மாதங்களில் கூடுதல், சிலவற்றில் குளிர் மாதங்களில், வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மாதத்துக்கு மாதம் வெப்பம் இரண்டு மூன்று பாகை மட்டுமே மாறும் கொழும்பில் உம்மா மழையைக் குறை சொல்ல முடியாது.

இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் இதைவிடத் தெளிவானது. பொதுவாக வருடத்துக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு இது வருகிறது. நெதர்லாந்தில் 2009இல் 18 ஆக இருந்தது, 2016இல் 26 ஆனது. என்னை யோசிக்க வைத்தது சிங்கப்பூர். 1999இல் வெளியான ஆய்வில், அங்குள்ள சீனருக்கு 11.6, மலாயருக்கு 7.0, இந்தியருக்கு 3.9. எல்லோருக்கும் ஒரே வெயில், ஒரே மழை! குறும்பார்வை சீனரிடம் அதிகம் என்பது ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. குறும்பார்வைக் கண் நீளமானது. அதன் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணில் அடி படுவதும், கண்புரைச் சத்திரசிகிச்சையும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டும்.

என் கண்ணாடி மைனஸ் ஆறு. மாமாவுடையது மைனஸ் எட்டு. உயிரியல் வகுப்பில் என் வரிசையில் ஐந்து பேரில் நால்வர் கண்ணாடிக்காரிகள்.

கிழிசலை அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜூல்ஸ் கொனின், 1920களில். அதற்கு முன் இது அநேகமாகக் குருடுதான். இன்று வெறும் கிழிசலாக இருக்கும்போதே போனால் லேசரால் சில நிமிடங்களில் அடைத்துவிடலாம். மாமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி விட்டார்கள். ஒரு கிழமை குனிந்த தலையோடு இருந்தார். வாயு கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் குமிழி விரியும். உம்ரா பயணம் தள்ளிப்போனது.

விழித்திரை ஒட்டிவிட்டது. ஆனால் எழுத்தை வாசிக்க உதவும் நடுப்பகுதியான மஞ்சட்பொட்டு அதற்கு முன்பே கழன்றிருந்ததால், அந்தக் கண்ணில் வரிகள் இன்றும் வளைந்தே தெரிகின்றன. பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

தேசிய கண் வைத்தியசாலை எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். அங்கே போக எங்களுக்கு ஐந்து நாள் எடுத்தது.