அலை வடிந்த பின்பும் வடியாத அச்சம்



ஆஸ்பத்திரி என்றதும் உங்கள் மனக்கண்முன் வருவது ஆபரேஷன் அறையும் பிரசவ வார்டும்தான். நீங்கள் அனுப்பும் காணிக்கை ஒரு கட்டிலாகவோ எக்ஸ்ரே கருவியாகவோ மாறும்போது, அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பவும் முடிகிறது. படம் பிடிக்க முடியாத காயம் ஒன்று உண்டு. இந்த மடலில் அதைப்பற்றி எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவருகே அதிகாலையில் உண்டான நிலநடுக்கம், காலை ஆராதனை வேளைக்குள் சுனாமியாக நம் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்ற பெயர்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். அரிசி வந்தது, துணி வந்தது, படகும் வீடும் வந்தன. உங்களில் பலரும் அன்று கொடுத்தீர்கள்.

ஆனால் வீடு கிடைத்தவர்களில் பலருக்கு உறக்கம் கிடைக்கவில்லை. கடல் இருக்கும் பக்கமே போக மறுத்த பிள்ளைகள், கண்ணை மூடினால் தண்ணீர் வருகிறது என்ற தாய்மார், வலையைத் தொட மனமில்லாமல் குடியில் இறங்கிய ஆண்கள் என்று கரையோரமெங்கும் காணப்பட்டார்கள். உடல் கிடைக்காமற்போனவர்களின் குடும்பத்தார் நிலை இன்னும் கொடிது. அடக்கம் செய்யாத துக்கத்துக்கு முடிவு ஏது? அவசர அவசரமாகப் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டவர்களுக்கும் முறையான அடக்கம் நடக்கவில்லை.

இது ஏன் உண்டாகிறது? உயிருக்கு ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ நம்மை ஆயத்தப்படுத்தும் ஓர் எச்சரிக்கை மணி மூளைக்குள் இருக்கிறது. அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மணி அடித்தவுடன் அட்ரினலின் சுரக்கும், இருதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும். ஆபத்து நீங்கியதும் மணி ஓயவேண்டும். பேரதிர்ச்சிக்கு உட்பட்ட சிலருக்கு அது ஓய்வதில்லை. சாதாரண நினைவு, "இது நடந்து முடிந்தது" என்ற முத்திரையோடு மனதில் தங்கும். அதிர்ச்சியின் நினைவுக்கு அந்த முத்திரை சரியாக விழுவதில்லை. ஆகவே ஒரு சத்தமோ ஒரு வாடையோ போதும், அந்த நாள் இப்பொழுதே மறுபடி நடப்பதுபோல் உடல் நடுங்கும். 2005 மார்ச் 28 இரவு சுமத்ரா பக்கம் மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது தமிழகக் கரையில் அலை எழவில்லை. ஆனாலும் எச்சரிக்கையைக் கேட்டு இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு முந்தைய காலைநேரமே திரும்பி வந்தது.

இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்று பெயர் சொல்லுகிறார்கள். யுத்தத்தின் நடுவே வைத்தியம் பார்த்தவர்களின் சொல் அது. மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது 1980-ல்தான். சுனாமியும் யுத்தமும் மாத்திரம் இதற்குக் காரணம் என்று எண்ணவேண்டாம். சாலை விபத்து, தீக்காயம், பலாத்காரம், வீட்டுக்குள் வருஷக்கணக்காக நடக்கும் அடி உதை, இவையெல்லாம் இந்த வடுவை உண்டாக்கும்.

எங்களைப் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளின் புறநோயாளர் பிரிவுக்கு இவர்கள் "மனநோய்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இராது. "உனக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர்கள் இன்னும் அவமானப்பட்டுப் போவார்கள்.

முதல் சில வாரங்கள் அழுகையும் கெட்ட கனவும் வருவது நோயாகாது. பெரும்பாலானோர் உற்றார் ஆதரவோடு தாமாகவே தேறுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் அது நீடித்து, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டால் வைத்தியம் வேண்டும். தகுந்த வைத்தியமும் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்ளச் செய்வது நல்ல பலன் தருகிறது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு உதவும். தூக்க மாத்திரையைத் தாங்களாகவே கடையில் வாங்கிப் போடும் பழக்கம்தான் ஆபத்து. அது பழக்கத்துக்கு அடிமையாக்கும், வடுவை ஆற்றாது.

உடனடி உதவியைப் பற்றிய எண்ணமும் மாறியிருக்கிறது. நடந்ததையெல்லாம் முதல் நாட்களிலேயே கொட்டித் தீர்க்கவைப்பது நல்லது என்று முன்னே கருதினார்கள். அது பயன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று பின்னர் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் வேர்ல்ட் விஷன் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்ட கையேடு மூன்றே காரியங்களைச் சொல்லுகிறது: பார், கேள், இணை. அவருக்கு என்ன தேவை என்று பார். அவர் சொன்னால் கேள், தோண்டாதே. உணவோடும் உறவினரோடும் மருத்துவரோடும் அவரை இணைத்துவிடு. சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கடலோரத் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்ததால்தான், மனநல மருத்துவரே இல்லாத கிராமங்களிலும் சாதாரண மக்களால் உதவ முடிந்தது.

இங்கே சபையாராகிய நம்மைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "விசுவாசம் இருந்தால் பயம் வருமா?" என்று துக்கவீட்டில் கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவரோ அடுத்த வாரம் ஆலயத்துக்கே வருவதில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதராகத்தான் இருந்தார்கள். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்கும் முதலில் கிடைத்தது பிரசங்கமல்ல. உறக்கமும் அடையும் தண்ணீரும். வேறு கேள்வி பிறகுதான் வந்தது. மலையளவு துக்கத்தில் இருப்பவருக்கு ஜெபம் வேண்டும், மாத்திரையும் வேண்டும். ஒன்றை ஏற்றால் மற்றொன்றை மறுப்பதாகாது.

உதவி எந்த வடிவில் வரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டபின் பிள்ளைகளைச் சுனாமிக்குப் பறிகொடுத்த தாய்மாருக்கு, மீண்டும் கருத்தரிக்க உதவும் அறுவை சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவி செய்தது. இழந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்பதை அந்தத் தாய்மாரே சொல்லுவார்கள். ஆனாலும் எத்தனையோ வீடுகளில் மறுபடி தொட்டில் கட்டப்பட்டது.

ஆண்டு நினைவுநாள் நெருங்கும்போது ஆறியிருந்த வடு திறப்பது உண்டு. ஊரெல்லாம் கீதம் பாடும் டிசம்பரில் கடலோரச் சபைகளில் சிலர் பாடமுடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவருடைய டிசம்பர் வேறொரு மாதமாயிருக்கலாம். அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு ஒருமுறை வீட்டுக்குப் போய்வாருங்கள். உறக்கமில்லாமல் மாதங்கள் கடந்தாலோ, சாவைப்பற்றிப் பேசினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.