கடைசி வரிசையில் பேராசிரியர்!

கி.மு. 403. ஏதென்ஸ் மக்கள் மன்றம் கூடியிருக்கிறது. முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி கவிழ்ந்து, மக்களாட்சி திரும்பிய நேரம். அந்த ஆட்சிக்குத் துணைபோனவர்களை மன்னிப்பதா, தண்டிப்பதா? பேச்சு மேடையில் நிற்கும் மாணவி மன்னிக்கச் சொல்கிறார். அவரை மடக்கக் கேள்விகளோடு எதிரணியினர் வரிசையில் நிற்கிறார்கள். பேராசிரியர் கடைசி வரிசையில் இருக்கிறார்.

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில் நடக்கும் 'ரியாக்டிங் டு தி பாஸ்ட்' வகுப்பு இது. 1990-களின் பிற்பகுதியில், நியூயார்க்கிலுள்ள பர்னார்ட் மகளிர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் தொடங்கிவைத்த முறை. ஆளுக்கொரு வேடம், கூடவே ஒரு குறிப்புத்தாள். தான் யார், எந்த அணி, எதைச் சாதித்தால் வெற்றி என்பதெல்லாம் அதில் இருக்கும். மனப்பாட வசனம் கிடையாது. பேராசிரியர் நடுவர் மட்டுமே. தடம் மாறினால் துண்டுச்சீட்டு அனுப்புவார்.

நம் நாட்டுக் கதையும் அங்கே ஆட்டமாகியிருக்கிறது: 1945 சிம்லா மாநாடு. ஜூன் 25-இல் வைஸ்ராய் வேவல் கூட்டிய அந்த மாநாடு, வைஸ்ராயின் நிர்வாக சபைக்கு முஸ்லிம் உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்ற சிக்கலில் முறிந்து, ஜூலை 14-இல் முடிந்தது. வகுப்பில் அமெரிக்க மாணவர்கள் காங்கிரஸாகவும் முஸ்லிம் லீகாகவும் மாறி வாதாடுகிறார்கள். நாடு பிரியலாம், பிரியாமலும் போகலாம். ஆட்டம் முடிந்ததும் உண்மையில் நடந்ததை எடுத்துவைத்து, எங்கே விலகினோம், ஏன் விலகினோம் என்று எல்லோருமாக அலசுகிறார்கள்.

போட்டி வேகத்தில் பாடம் பின்னுக்குப் போய்விடும் என்பவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மாணவர்களின் வாசிப்பு. தேர்வுக்கு முந்தைய இரவில் நோட்ஸைப் புரட்டினால் போதும் என்ற காலமும் போய், செயற்கை நுண்ணறிவே கட்டுரை எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. மூலநூலைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம். இந்த வகுப்பில் அந்தப் பருப்பு வேகாது. ஏதென்ஸ் ஆட்டத்தில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலைப் படிக்காமல் மேடையேறுபவர் முதல் கேள்விக்கே திணறிப்போவார். மதிப்பெண்ணுக்காகப் படிக்காதவரையும், தன்னால் அணி தோற்றுவிடக் கூடாது என்ற ரோஷம் படிக்கவைக்கும்.

ஸ்மார்ட் போர்டும் செயலியும் வாங்கிப்போட்டாலே புதுமை என்று எண்ணும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வகுப்புக்குத் தேவை, பேச இடம் கிடைக்கும் அளவுக்குச் சின்ன வகுப்பு, ஒரு பேச்சு மேடை, ஒவ்வொருவர் கையிலும் புத்தகம். மாணவரை மூலநூலிடம் கொண்டுசேர்க்காத எதையும் புதுமை என்று வகுப்பறைக்குள் விடாதீர்கள்.