மறைக்கப்பட்ட வமிசமும் 'அஸன்பே சரித்திரமும்'

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885-இல், ஒரு முஸ்லிம் அறிஞரின் நாவலும் தமிழில் வெளிவந்துவிட்டது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? இலங்கையின் கண்டி நகரைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை (1838-1898) அவர்கள் இயற்றிய 'அஸன்பே சரித்திரம்' தான் அது. 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவரும், முஸ்லிம் பெண்மக்களின் கல்விக்காக உழைத்தவரும் அவரே.

மிஸ்ர் நாட்டின் உயர்குடியில் பிறந்த அஸன், பால்மணம் மாறாத பருவத்திலேயே வஞ்சகமாகக் கடத்தப்படுகிறான். தன் குலம் இன்னதென்று அறியாமல் பம்பாயில் வளர்கிறான். பின்னர் கல்கத்தா செல்கிறான். கல்வியும் நற்குணமும் அவனை உயர்த்துகின்றன. இறுதியில் உண்மை வெளிப்பட, பெற்றோருடன் ஒன்றுசேர்கிறான். பிறப்பை மறைத்தது துரோகம்; அதை வெளிப்படுத்தியதே மீட்சி.

இதைப் படிக்கும்போது நபித்தோழர் ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. சிறுவராயிருந்தபோது கொள்ளையரால் கவரப்பட்டுச் சந்தையில் விற்கப்பட்டவர் அவர். தேடி வந்த தந்தை ஹாரிஸாவுடன் செல்லலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உரிமை அளித்தும், அண்ணலாரைப் பிரிய அவர் இசையவில்லை. அண்ணலார் அவரை மகனாக அறிவித்தார்கள். மக்களும் 'ஸைத் இப்னு முஹம்மது' என்றே அழைத்தனர். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி திருமறையின் 33-ஆம் அத்தியாயம் கட்டளையிட்டது. அன்றுமுதல் அவர் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார். பெயர்தான் மாறியது; பாசம் குறையவில்லை.

எங்கள் அல்லிநகரத்திலும் சரி, வேறெந்த ஊரிலும் சரி, மகப்பேறு இல்லாத தம்பதியர் உடன்பிறந்தாரின் குழந்தையை எடுத்து வளர்ப்பது புதிதன்று. அநாதையை ஆதரிப்பதோ பெரும் நன்மைக்குரிய செயல். ஆனால் பெற்றவரின் பெயரை அழித்து, பள்ளிச் சான்றிதழில் வளர்த்தவரைத் தந்தை என்று எழுதுவது அந்த நன்மையில் கறை படியச் செய்கிறது. இதனால் மஹ்ரம் யார், மஹ்ரம் அல்லாதார் யார் என்பது குழம்புகிறது. திருமணம் கூடாத உறவில் சம்பந்தம் பேசும் அபாயமும் உண்டு. வாரிசுரிமைப் பங்கீடும் பிழையாகிறது.

"சொல்லிவிட்டால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமே" என்று அஞ்சும் தாய்மார்களே! ஸைத் (ரலி) அவர்கள் தம் தந்தையை அறிந்திருந்தும் போகவில்லையே! விவரம் தெரியும் வயதில் உங்கள் வாயாலேயே அன்புடன் சொல்லிவிடுங்கள். ஊரார் வாயிலாக அறிய நேர்ந்தால்தான் பிள்ளையின் உள்ளம் உடையும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. எனினும் சொத்தில் மூன்றில் ஒரு பகுதி வரை வஸிய்யத் எழுதிவைக்க மார்க்கம் இடமளிக்கிறது. அதை நாளை நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளையின் வமிசம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதை உரியவரிடம் சேர்ப்பிக்க வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.