கழன்ற ஒட்டு: கண்ணாடி இழைப் படகைச் செப்பனிடுவோர்க்குச் சில சொற்கள்

பருத்தித்துறைப் பக்கத்துக் கரையொன்றில் அண்மையில் நாம் கண்டதை முதலிற் கூறிவிடுகின்றோம். பதினெட்டடிக் கண்ணாடி இழைப் படகொன்று மணலிற் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்புறத்திலே இரண்டு கையகலத்தில் ஓட்டையொன்று. முன்னர் அவ்வோட்டையை மூடியிருந்த ஒட்டுத் துண்டு அருகிலேயே முழுதாகக் கிடந்தது. படகுக்காரரான முதியவர் அதனை எடுத்து எம்மிடம் நீட்டினார். “இது உடையேல்லைத் தம்பி, கழண்டு போச்சுது. கரை கிட்ட எண்டபடியால் தப்பினம்” என்றார். அன்று அவருடன் படகில் இருந்தவர் அவருடைய ஒரே மகன்.

ஒட்டுக்கு அவர் வாங்கிய பிசின் புதியது. இழைப்பாயும் போதிய தடிப்புடையது. ஆயினும் துண்டின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அது கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது. பழைய சுவரை அது பற்றவேயில்லை.

ஒரு காலத்தில் எம்மவர் மரத்தோணிக்குக் கலப்பற்றுப் பார்த்தே பழகியவர். பின்னர் கண்ணாடி இழை வந்தது. நோர்வே நாட்டவரின் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிலையத்தில் 1970களில் இவ்வகைப் படகுகள் கட்டப்பட்டன. இன்று கரையெங்கும் ‘பைபர்’ படகுகளே. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவசரத்திற் கட்டி வழங்கப்பட்ட படகுகளுட் பல தரங்குறைந்தவை என ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. ஆகவே ஓட்டையை மட்டும் பாராது, அதனைச் சுற்றியுள்ள சுவரையும் மரப்பிடியொன்றினால் தட்டிப் பார்த்தல் வேண்டும். மந்தமான ஓசை எழுமிடத்தில் உள்ளே படைகள் பிரிந்திருத்தல் கூடும்.

இனிப் பிசினுக்கு வருவோம். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பொலியெஸ்ரர். பெரும்பாலான படகுகள் அதனாலேயே கட்டப்படுகின்றன. புதிதாகக் கட்டும்போது, முந்திய படை முற்றாக இறுகுமுன் அடுத்த படையை இடுவதால் இரண்டும் இரசாயன முறையில் ஒன்றாகிவிடும். பல ஆண்டுகள் கடலிற் கிடந்த சுவரோ முற்றாக இறுகியது. அதன்மேல் இடும் பொலியெஸ்ரர், சுவரின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதன்றி வேறில்லை. எபொக்சி என்னும் பிசின் பழைய சுவரை இதனிலும் பன்மடங்கு உறுதியாகப் பற்றும். விலையும் பன்மடங்கு என்பது மெய்தான். நீர்மட்டத்திற்கு மேலுள்ள கீறலுக்கும் விளிம்புச் சிதைவுக்கும் பொலியெஸ்ரரே போதும் என்பது எமது கருத்து. அடிப்புறத்து ஓட்டைக்கு மட்டும் எபொக்சியை வாங்கத் தயங்கலாகாது. அதற்கு வழியில்லையெனில் ‘ஐசோ’ என்னும் வகைப் பொலியெஸ்ரரைக் கேட்டு வாங்குக. சாதாரண ‘ஓதோ’ வகையைக் காட்டிலும் அது நீரைத் தாங்கும்.

எபொக்சியைத் தெரிந்தோர் இழையையும் அதற்கேற்பவே தெரிதல் வேண்டும். ‘மற்’ எனப்படும் நறுக்கிழைப் பாயில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்ரரிலுள்ள ஸ்ரைறீனிற் கரையுமாறு அமைந்தது. எபொக்சியில் ஸ்ரைறீன் இல்லை. ஆதலாற் பாய் இளகாது விறைத்து நிற்கும். எபொக்சிக்கு நெய்த துணி அல்லது தைத்த துணியே உகந்தது. இன்னொன்று: இறுகிய எபொக்சியின்மேற் பொலியெஸ்ரரை இட்டால் அது செவ்வையாகப் பற்றாது. மேற்பூச்சாக ஜெல்கோட்டைத் தேடாமல், தகுந்த வர்ணத்தைப் பூசிவிடுதல் நன்று. வெயில் எபொக்சியைக் கெடுக்குமாதலால் வர்ணமின்றி விடலும் ஆகாது.

பொலியெஸ்ரருடன் மற் இடுவோர், ஒரு கிராம் இழைக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிராம் பிசின் எனக் கணக்கிடலாம். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மற் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பைத் தரும். ஆறு மில்லிமீற்றர்ச் சுவருக்கு ஆறு படைகள் வேண்டும். பிசினிலும் மெழுகு கலந்தது, கலவாதது என இருவகை உண்டு. மெழுகு கலந்தது மேற்பரப்பு ஒட்டாதபடி காயும். அதனை இடைப்படைகளுக்கு இட்டால் அடுத்த படை மெழுகின்மேல் அமர்ந்து ஒருநாட் பிரியும். கடைசிப் படைக்கே அது உரியது. வாங்கும்போது தகரத்தின் திகதியையும் பாருங்கள். எம் நாட்டு வெப்பத்தில் பொலியெஸ்ரர் நெடுங்காலம் கெடாதிராது. மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் மக்கை நீர்மட்டத்தின் கீழ் இடவே வேண்டாம். அது நீரை உறிஞ்சும்.

பொலியெஸ்ரரை இறுகச் செய்யும் ஊக்கியை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரையிற் சேர்ப்பர். வெயில் கடுமையாயின் ஒன்றுக்கு அருகில் நிற்பதே நலம். அது கண்ணிற் பட்டாற் பார்வையையே போக்கவல்லது. கோபால்ற் திரவத்தைத் தனியே தந்திருந்தால், முதலில் அதனைப் பிசினிற் கலந்து, பின்னரே ஊக்கியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரே கலந்தால் தீப்பற்றும், வெடித்தலும் உண்டு. எபொக்சியின் கணக்கு வேறு. அதற்குரிய இறுக்கியைத் தயாரிப்பாளர் குறித்த அளவில் அப்படியே சேர்க்க வேண்டும். கூட்டினால் விரைவில் இறுகும் என எண்ணுவது பெருந்தவறு.

ஆனால் எந்தப் பிசினை வாங்கினும், சுவரைத் தேய்க்காதவனுக்கு அது பயன்படாது. முதியவரின் முதல் ஒட்டு கழன்றதும் இதனாலேயே. உப்பை நன்னீராற் கழுவி, நன்கு உலரவிட்டு, அசற்றோனால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய பின்னர் தேய்க்க வேண்டும். ஓட்டையின் விளிம்பைச் சுவர்த் தடிப்பைப்போற் பன்னிரண்டு மடங்கு அகலத்திற்குச் சாய்வாகத் தேய்த்தல் முறை. ஆறு மில்லிமீற்றர்ச் சுவராயின் சுற்றிலும் ஏறக்குறைய மூன்று அங்குலம். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி அவசியம்.

பின்னொரு நாள் நாம் அக்கரைக்குச் சென்றபோது முதியவர் எபொக்சியால் ஒட்டை முடித்திருந்தார். ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. மேற்பரப்பு இறுகிவிட்டதென்று மகன் அன்றே படகைத் தள்ள விரும்பினான். தகப்பனார் இசையவில்லை. முழு வலுவும் வர ஒரு கிழமை செல்லுமென்று தகரத்தில் எழுதியிருப்பதைக் காட்டி, மகனை வலை பொத்த அனுப்பிவிட்டார்.