கடல் கடந்து போன பந்தாட்டக்காரர்

பாலாற்றில் இருந்து பலர் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். சிலர் மைசூர் போகிறார்கள். சிலர் பெங்களூர் போகிறார்கள். சிலர் மேட்டூர், திருப்பூர் பக்கம் போகிறார்கள். இன்னும் சிலர் கடல் கடந்து வெளிநாடும் போகிறார்கள்.

போன இடத்தில் வேலை சரியாக அமைந்தால் நல்லது. அமையாமல் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்? "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று கேலி பேசும். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் கஷ்டத்தைச் சொல்லாமல் அங்கேயே கிடக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வெற்றி பெறாமல் திரும்பிய ஒருவரின் கதை இது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை திரும்பினார். அவருடைய வேலை, கால்பந்து ஆடுவது. அவர் பெயர் சுனில் சேத்ரி.

பந்து ஆடுவதும் ஒரு வேலையா?

ஆம். பந்து ஆடுவதும் ஒரு வேலைதான். கால்பந்து ஆடும் சங்கத்தைக் கிளப் என்று சொல்கிறார்கள். கிளப் ஆட்டக்காரரை வேலைக்கு எடுக்கிறது. அவருக்குச் சம்பளம் தருகிறது. இருவரும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எத்தனை ஆண்டு வேலை, எவ்வளவு சம்பளம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுதி இருக்கும்.

உலகில் கால்பந்துக்கு அதிகப் பணம் புழங்கும் இடம் ஐரோப்பா. அதனால் பல நாட்டு ஆட்டக்காரர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். பல்கேரியா என்று ஒரு நாடு இருக்கிறது. அது நமது கர்நாடகத்தை விடச் சிறியது. அங்கே பிறந்தவர் ஹிரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ். அவர் 1990-இல் ஸ்பெயின் நாட்டுக்குப் போனார். பார்சிலோனா என்ற பெரிய கிளப்பில் ஆடினார். 1994 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்தார். அந்தச் சிறிய நாடு அரை இறுதி வரை போனது. சிறிய நாட்டில் பிறந்தவரும் வெளியே போய்ப் பெரிய பெயர் எடுக்கலாம் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

முன்னே போனவர்கள்

இந்தியாவில் இருந்தும் சிலர் ஐரோப்பா போனார்கள். 1936-இல் கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம் ஸ்காட்லாந்து போனார். செல்டிக் என்ற கிளப்பில் ஆடினார். அவருக்குப் பூட்ஸ் போட்டு ஆடிப் பழக்கம் இல்லை. காலில் துணிக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு ஆடினார். பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். அங்கேயே தங்கும்படி கிளப் கேட்டது. ஆனால் ஊர் ஞாபகம் அவரை வாட்டியது. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பினார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1999-இல், சிக்கிமில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்து போனார். பரி என்ற சிறிய கிளப்பில் சம்பளத்துக்கு ஆடினார். மூன்று ஆண்டுகள் கழித்து இந்தியா திரும்பினார்.

பூட்டியாவுக்குப் பிறகு இந்திய அணியின் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்தவர்தான் சுனில் சேத்ரி.

பந்தோடு வளர்ந்த பிள்ளை

சேத்ரி 1984 ஆகஸ்டு 3-இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தார். ராணுவக் குடும்பம் ஓர் ஊரில் நிலையாக இருக்க முடியாது. அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பிள்ளையும் ஊர் மாறினார். அம்மா நேபாளத்துப் பெண்கள் அணிக்காகக் கால்பந்து ஆடியவர். அதனால் வீட்டிலேயே பந்து இருந்தது.

2002-இல் கல்கத்தாவின் பழைய கிளப்பான மோகன் பகான் அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு பஞ்சாபில் ஜே.சி.டி. என்ற அணிக்கு ஆடினார். அது ஒரு துணி ஆலையின் அணி. 2005-இல் முதல் முறையாக இந்தியாவுக்காக ஆடினார். பாகிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்தார்.

2008-இல் டெல்லியில் ஆசிய சேலஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. தஜிகிஸ்தான் அணியை இந்தியா 4-1 என்று வென்றது. அதில் மூன்று கோல் சேத்ரி அடித்தவை. இந்த வெற்றியால் இந்தியா 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி பெற்றது.

கையெழுத்து ஆனது, வேலை கிடைக்கவில்லை

2009-இல் இங்கிலாந்தில் இருந்து அழைப்பு வந்தது. லண்டனில் உள்ள குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் என்ற கிளப் அவரைக் கேட்டது. மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். ஆனால் சேத்ரி அங்கே ஒரு நாள்கூட ஆட முடியவில்லை. ஏன்?

வெளிநாட்டில் வேலை செய்ய ஒப்பந்தம் மட்டும் போதாது. அந்த நாட்டு அரசின் வேலை அனுமதியும் வேண்டும். அப்போது இங்கிலாந்தில் ஒரு விதி இருந்தது. வெளியில் இருந்து வரும் ஆட்டக்காரரின் நாடு, உலகத் தர வரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இந்தியாவோ 100-க்கும் பின்னால் இருந்தது. அதனால் அனுமதி மறுக்கப்பட்டது.

சேத்ரி சரியாக ஆடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய நாடு பின்தங்கி இருந்ததால் அவருக்குக் கதவு மூடியது. ஒருவரின் திறமை ஒரு பக்கம். அவர் எங்கிருந்து வருகிறார் என்பது இன்னொரு பக்கம். வேலைக்குப் போகும் ஏழைகளுக்கு இது புதிய விஷயம் அல்ல.

அமெரிக்காவும் போர்ச்சுகலும்

2010-இல் சேத்ரி அமெரிக்கா போனார். கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் என்ற கிளப் அவரை எடுத்தது. இந்த முறை அனுமதி கிடைத்தது. சம்பளமும் கிடைத்தது. ஆனால் ஆடும் வாய்ப்புதான் கிடைக்கவில்லை. லீக் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நடந்தன. சேத்ரி ஒன்றில்கூடக் களத்தில் இறங்கவில்லை.

ஆட்டக்காரருக்கு இது பெரிய நஷ்டம். தினமும் பயிற்சி செய்யலாம். ஆனால் ஆட்டத்தில் இறங்கினால்தான் கால் கூர்மையாக இருக்கும். உழாத ஏர் துருப்பிடிக்கும் அல்லவா? சேத்ரி இந்தியா திரும்பினார்.

2011-இல் கத்தார் நாட்டில் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஆனாலும் சேத்ரி இரண்டு கோல் அடித்தார். அதில் ஒன்று பலம் மிக்க தென் கொரியாவுக்கு எதிராக அடித்தது.

2012-இல் அவர் மீண்டும் புறப்பட்டார். இந்த முறை போர்ச்சுகல் நாடு. லிஸ்பன் நகரில் உள்ள ஸ்போர்ட்டிங் என்ற புகழ் பெற்ற கிளப், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் அணியில்தான் சேர்த்தார்கள். அதிலும் ஒரு சில ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. இரண்டு ஆண்டு முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. 2013-இல் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கிளப்புக்கு ஆட வந்துவிட்டார். அந்த ஆண்டு ஐ-லீக் பட்டம் அந்தக் கிளப்புக்குக் கிடைத்தது.

பெங்களூரில் புதிய தொடக்கம்

அதே 2013-இல் பெங்களூரில் ஒரு புதிய கால்பந்துக் கிளப் தொடங்கினார்கள். பெயர் பெங்களூரு எஃப்.சி. அதற்குப் பழைய பெருமை எதுவும் இல்லை. சேத்ரி அந்தக் கிளப்பில் சேர்ந்து அணித் தலைவர் ஆனார்.

முதல் ஆண்டிலேயே அந்த அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2016-இல் மீண்டும் வென்றது. அதே ஆண்டு ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. இந்தியக் கிளப் ஒன்று அந்த இறுதி ஆட்டத்துக்குப் போனது அதுவே முதல் முறை. ஈராக் நாட்டு அணியிடம் 1-0 என்று தோற்றது. 2019-இல் ஐ.எஸ்.எல். கோப்பையையும் பெங்களூரு வென்றது. கண்டீரவா அரங்கில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

2018-இல் மும்பையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தியா ஒரு ஆட்டத்தில் 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். ஆனால் பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர்தான். அரங்கம் வெறிச்சென்று கிடந்தது. அடுத்த ஆட்டம் இந்தியாவுக்காக அவர் ஆடும் 100-வது ஆட்டம். சேத்ரி மக்களைப் பார்த்துக் கைகூப்பிப் பேசிப் படம் எடுத்து வெளியிட்டார். திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டுங்கள் என்று கேட்டார். மக்கள் வந்தார்கள். அரங்கம் நிறைந்தது. கென்யாவை இந்தியா 3-0 என்று வென்றது. சேத்ரி இரண்டு கோல் அடித்தார்.

அவருக்கு 2011-இல் அர்ஜுனா விருது, 2019-இல் பத்மஸ்ரீ, 2021-இல் கேல் ரத்னா விருது கிடைத்தன. கேல் ரத்னா பெற்ற முதல் கால்பந்து ஆட்டக்காரர் அவர்தான். 2024 ஜூன் 6-இல் கல்கத்தாவில் இந்திய அணியில் இருந்து விடை பெற்றார். அது அவருடைய 151-வது ஆட்டம். அதுவரை இந்தியாவுக்காக 94 கோல் அடித்திருந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் நாட்டுக்காக அவரை விட அதிகக் கோல் அடித்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் போர்ச்சுகலின் ரொனால்டோ. மற்றவர் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி. 2025 மார்ச்சில் அணிக்கு ஆள் தேவைப்பட்டது. 40 வயதில் மீண்டும் வந்து இன்னொரு கோல் அடித்தார்.

நமக்கு என்ன?

நாம் பந்து ஆடி வெளிநாடு போகப் போவதில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போகலாம். அவர்கள் கவனிக்க வேண்டியவை இதில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சம்பளம், வேலை நேரம், எத்தனை ஆண்டு என்பவை அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், நம்பிக்கையானவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தோடு வேலை அனுமதியும் வேண்டும். சுற்றிப் பார்க்கும் விசாவில் போய் வேலை செய்தால் ஆபத்து. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. வேலை அமையாமல் ஒரு பிள்ளை ஊர் திரும்பினால், வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம். கேலியும் வேண்டாம். முதலில் சாப்பாடு போடுங்கள். சேத்ரி அடித்த கோல்களில் பெரும்பகுதி, அவர் திரும்பி வந்த பிறகு அடித்தவைதான்.