மடிப்பதினும் அரிது விரிப்பது

அரபு அணியிலக்கணத்தில் 'லஃப் வ நஷ்ர்' என்றோர் அணி உண்டு. லஃப் என்பது சுருட்டுதல். நஷ்ர் என்பது விரித்தல். பல பொருள்களை முதலில் ஒருசேரச் சுருக்கிக் கூறிவிட்டு, பின்னர் அவை ஒவ்வொன்றுக்கும் உரியதை விரித்துக் கூறுவது இதன் இயல்பு. தமிழ் இலக்கணத்தார் இதனை நிரல்நிறை என்பர். எது எதற்குரியது என்பது கேட்போர்க்குப் புலப்படுமாறு சுருட்டியிருந்தாலன்றி, விரித்தது விளங்காது.

சொல்லுக்குரிய இவ்விதி பொருளுக்கும் பொருந்துகின்றது. பெரியதொன்றைச் சிறிய இடத்தில் மடித்து வைத்து, வேண்டும்போது விரித்துக்கொள்ளும் கட்டமைப்புகளை இன்றைய பொறியியலார் வடிவமைக்கின்றனர். இதற்கு அவர்கள் பாடம் கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஓரிகாமி எனப்படும் ஜப்பானியரின் காகித மடிப்புக் கலை, மற்றொன்று இயற்கை. மடிப்பதைக் காட்டிலும் பிழையின்றி விரிப்பதே அரிது என்பதுதான் இவ்விரண்டும் கற்பிக்கும் முதற்பாடம்.

முதலில் காகிதத்தை நோக்குவோம். ஒரு தாளின் நடுவே பல மடிப்புக் கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன எனக் கொள்வோம். நம்மை நோக்கி எழுவதை மேட்டு மடிப்பு என்றும், உள்வாங்குவதைப் பள்ள மடிப்பு என்றும் கூறலாம். தாள் தட்டையாக மடிய வேண்டுமாயின், அப்புள்ளியில் இவ்விரு வகை மடிப்புகளின் எண்ணிக்கை வேறுபாடு எப்போதும் இரண்டாகவே இருத்தல் வேண்டும். இது மாயெகாவா தேற்றம். புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வருதல் வேண்டும். இது கவாசாகி தேற்றம். விளையாட்டாகத் தோன்றும் இக்கலைக்குள் இத்துணைக் கண்டிப்பான கணிதம் உறைந்துள்ளது.

இக்கணிதத்தின் பயனை உலகறியச் செய்தவர் ஜப்பானிய வானூர்திப் பொறியியலாளர் கோர்யோ மியூரா. 1970ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த மடிப்பு முறை 'மியூரா ஓரி' என அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாம் வழக்கமாக நிலப்படத்தைச் செங்கோணத்தில் மடிக்கின்றோம். முதலில் ஒரு திசையிலும் பின்னர் மறு திசையிலும் அதனை விரிக்க வேண்டியுள்ளது. மீண்டும் மடிக்கையில் மடிப்புகள் திசைமாறுவதும், மூலைகள் கிழிவதும் நாம் அறிந்ததே. மியூராவோ செங்கோணத்தைச் சற்றே சாய்த்து, தாள் முழுவதையும் இணைகரங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு மடிப்புகள். மூன்று ஒரு வகை, ஒன்று மறு வகை. எதிரெதிர் மூலைகளைப் பற்றி இழுத்தால் தாள் முழுவதும் இரு திசைகளிலும் ஒருங்கே விரிகின்றது. ஒரு மடிப்பு அசைந்தால் ஏனையவும் அதனோடு அசைந்தே தீரும். தனித்துத் தவறான வழியில் செல்ல எந்த மடிப்புக்கும் இடமில்லை. 1995ஆம் ஆண்டில் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றில் இம்முறையில் மடிக்கப்பட்ட சூரியத் தகடு விரிக்கப்பட்டது.

இனி இயற்கைக்கு வருவோம். பனையின் குருத்தோலை விசிறிபோல் மடிந்து வெளிவருவதை நாம் கண்டுள்ளோம். ஐரோப்பாவில் வளரும் ஹார்ன்பீம் மரத்தின் இலையும் மொட்டுக்குள் நெளிநெளியாக மடிந்தே உள்ளது. நடுநரம்பின் இருபுறமும் சாய்ந்தோடும் கிளைநரம்புகளே அதன் மடிப்புக் கோடுகள். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்விலை விரியும் வடிவியல் மியூராவின் முறையோடு நெருங்கிய உறவுடையது எனக் காட்டிற்று.

ஆயினும் இயற்கை காகிதத்தின் விதிகளோடு நின்றுவிடவில்லை. வாலில் இடுக்கி போன்ற உறுப்புடைய இயர்விக் என்னும் சிறு பூச்சியின் இறகு, விரிந்த நிலையில் மடிந்த நிலையைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. விறைப்பான தகடுகளைக் கொண்டு அதே மடிப்பை அமைக்க முயன்றால் அது மடிவதில்லை. 2018ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினர். இறகின் மடிப்புகளில் ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதம் உள்ளது. மடிப்பு வெறும் கீலாக மட்டுமன்றி, நீண்டு சுருங்கும் வில்லாகவும் தொழிற்படுகின்றது. ஆகவே இறகு விரிந்தவுடன் தசையின் உதவியின்றியே பூட்டிக்கொள்கின்றது. சிறு தூண்டுதல் கிடைத்தால் தானே மடிந்துவிடுகின்றது. கோட்டின் வடிவம் மட்டுமன்று, கோட்டில் உள்ள பொருளும் முக்கியம் என்பது இங்கு நாம் பெறும் இரண்டாம் பாடம்.

இப்பாடங்களின் அருமையை விண்வெளியில் நேர்ந்த ஓர் இழப்பு உணர்த்தும். வியாழனை ஆராய 1989ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தில், 4.8 மீட்டர் அகலமுள்ள அலைவாங்கி ஒன்று குடைபோல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனை விரிக்க ஆணையிட்டபோது சில கம்பிகள் சிக்கிக்கொண்டன. அவற்றின் முனைகளில் பூசப்பட்டிருந்த உலர் மசகு, நெடுங்காலச் சேமிப்பிலும் தரைவழிப் பயணத்திலும் தேய்ந்துபோனதே காரணம் என ஆய்ந்தோர் கருதினர். நொடிக்கு 1,34,000 பிட்டுகள் அனுப்ப வேண்டிய கலம், சிறிய அலைவாங்கி ஒன்றின் வழியாக ஏறத்தாழ 160 பிட்டுகளே அனுப்ப முடிந்தது. குடை சரியாகவே மடிந்திருந்தது, விரியத்தான் இல்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இவ்வச்சத்தை வென்றது. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உடைய அதன் ஐந்தடுக்கு வெயில் திரை, 5 மீட்டர் அளவே அகலமுள்ள ராக்கெட் முனைக்குள் மடித்து அடக்கப்பட்டது. திரையைப் பிணித்திருந்த 107 பிடிப்புகளும் உரிய வரிசையில் விடுபட்டன. 2022 ஜனவரி 4 அன்று திரை முழுமையாக இழுத்து விரிக்கப்பட்டது.

விண்கலம் ஒருமுறை விரிந்தால் போதும். நாள்தோறும் விரிந்து மடிய வேண்டிய கட்டமைப்பின் நிலை இன்னும் கடினமானது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் வெளிமுற்றத்தில் உள்ள 250 குடைகளை ஹாஜிகள் அறிவர். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோவிடம் பயின்ற மஹ்மூத் போதோ ராஷின் குழுவினர் அவற்றை வடிவமைத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக விரிந்து நிழல் தருகின்றது. மடிந்தால் ஒல்லியான தூணாகி நிற்கின்றது. அடிக்கடி மடித்தால் கண்ணாடி இழைத் துணி விரிசலுறும். ஆதலின் டெஃப்ளான் வகை நூலால் நெய்த, மடிப்பைத் தாங்கும் துணி தேர்ந்தெடுக்கப்பட்டது. பூச்சியின் இறகில் ரெசிலின் ஆற்றும் பணியை ஈண்டு அந்நூல் ஆற்றுகின்றது.

வரிசை தவறாத வடிவியலும், மடிப்பில் சோர்வடையாத பொருளும் ஒன்றுசேரும்போதே மடிந்தது முழுமையாக விரியும். ஆகவே ஒரு மடிப்பை வகுப்பவர், அது எங்ஙனம் விரியும் என்பதையே முதலில் எண்ணித் தொடங்குதல் வேண்டும்.