ஐஸ் பெட்டி யாருடையது? இராமேசுவரம் கடற்கரையின் குளிர்ச்சங்கிலியும் சாதியும்

வலையிலிருந்து எடுத்த ஒரு கிலோ மீனை 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலிருந்து 0 பாகைக்குக் கொண்டுவர, கணக்கின்படி ஏறத்தாழ 300 கிராம் ஐஸ் போதும். ஆயினும் வெப்ப மண்டலக் கடற்கரைகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே பொதுவான பரிந்துரை. எஞ்சிய 700 கிராம் மீனைக் குளிர்விப்பதற்குச் செலவாவதில்லை. பெட்டியின் சுவரைக் கடந்து வரும் வெயிலுக்கு ஈடுகொடுத்தே உருகிப்போகிறது. அதாவது, நல்ல காப்புச் சுவர் கொண்ட பெட்டி வைத்திருப்பவருக்கு ஐஸ் செலவு குறைவு. அலுமினியப் பாத்திரத்திலோ ஓலைப்பெட்டியிலோ மீன் சுமப்பவர் அதே மீனைக் காக்க அதிக ஐஸ் வாங்கவேண்டும். வாங்க இயலாதபோது மீனை இழக்கவேண்டும். குளிர்ச்சங்கிலி குறித்த விவாதங்கள் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குகளைப் பற்றியே பேசுகின்றன. இந்தச் சிறு பெட்டியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இந்தியாவில் பிடிக்கப்படும் கடல் மீனில் 10.52 விழுக்காடு வீணாவதாக லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. இந்த இழப்பு அனைவர் தலையிலும் சமமாக விழுவதில்லை. விசைப்படகு கரை சேர்ந்ததும் இறாலும் கணவாயும் நண்டும் ஏற்றுமதி நிறுவனங்களின் ஐஸ் பெட்டிகளுக்குள் சென்றுவிடுகின்றன. சங்காயம் எனப்படும் சிறு மீன்களும் குஞ்சுகளும் ஐஸ் ஏதுமின்றித் தீவன ஆலைக்குக் குவிக்கப்படுகின்றன. கடலின் நாளைய விளைச்சல் அந்தக் குவியலில்தான் அழுகுகிறது என்பது தனியே எழுதப்படவேண்டிய கதை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மீனை ஏலத்தில் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுசெல்பவர்கள் பெண்கள். காலை ஏல விலை அவர்களுக்கு நிலையானது. பிற்பகல் விற்பனை விலையோ மீனின் கண் மங்க மங்கச் சரிகிறது. அந்த வித்தியாசத்தை வட்டிக்கு வாங்கிய பணத்தால் ஈடுசெய்பவரும் அந்தப் பெண்ணே.

இக்கடற்கரையின் சாதி அமைப்பை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள இயலாது. கடையர் சமூகத்தினரை இராமேசுவரத்திலும் சுற்றுப்புறங்களிலும் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுபவர்கள் என்றும், முத்துக்குளிப்போரில் ஒரு பகுதியினர் என்றும் எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவுசெய்தார். கடையர் என்னும் பெயர் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் உள்ளது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவத்தைத் தழுவிய பட்டியல் சாதியினரை அந்த வரிசையிலிருந்து விலக்கியது. ஒரே தொழில், ஒரே கடல், ஒரே கடன். ஒரு வீட்டுக்குச் சான்றிதழ் கிடைக்கும், அடுத்த வீட்டுக்குக் கிடைக்காது.

திட்டங்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதற்கு 2017இல் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப் படகுகளை விலக்கி, 80 இலட்சம் ரூபாய் மதிப்பிலான சூரை மீன்பிடிப் படகுகளை வழங்குவதே அதன் நோக்கம். ஒன்றிய அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியமாகத் தந்தன. இழுவைப் படகை ஒப்படைப்பவருக்கே புதிய படகு என்பதால், அந்தப் படகில் கூலிக்குச் சென்ற தொழிலாளிக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. சூரை மீனுக்குக் குளிர்ச்சி இன்னும் கண்டிப்பாகத் தேவை. தாமதமாகக் குளிர்வித்தால் அதில் உருவாகும் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் சமைத்தாலும் உறையவைத்தாலும் அழிவதில்லை.

2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் இன்னும் கீழே இறங்கி வந்தது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம். ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனத்துக்கு 75,000 ரூபாய் என மதிப்பிட்டால் மானியம் 45,000. மீதி 30,000 ரூபாயைப் பயனாளி திரட்டவேண்டும். 25 இலட்சம் ரூபாய் குளிர்பதன வாகனத்துக்கு அதே கணக்கில் 10 இலட்சம். மானிய விழுக்காடு ஒன்றே. ஆனால் அந்த 10 இலட்சத்தைப் புரட்டக்கூடியவர் ஏற்கெனவே முதல் உள்ளவர் மட்டுமே. அடமானம் வைக்க நிலமோ வீட்டுப் பட்டாவோ இல்லாதவருக்கு வங்கியின் கதவு அந்த 30,000 ரூபாய்க்குக்கூடத் திறப்பது அரிது. முன்பணம் தரும் ஏலக்காரரிடமே அவர் திரும்புகிறார். கடன் தீரும்வரை அவர் சொல்லும் விலைக்கே மீன்.

போக்குவரத்தும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமே, 1988இல் சாலைப் பாலம் வரும்வரை தீவை நிலத்தோடு பிணைத்தது. 2022 டிசம்பரில் அதில் இரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும்வரை சாலை ஒன்றே வழி. சொந்த வண்டி உள்ளவருக்கு இது பெரிய இடர் அன்று. பொதுப் பேருந்தை நம்பும் பெண்ணுக்கோ தூரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் முதிய மீன் விற்பனைப் பெண் ஒருவர், நாற்றம் வீசுவதாகக் கூறிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில் இது நடந்தது. தொழிலை நாற்றமாகவும் நாற்றத்தைச் சாதியாகவும் வாசிக்கும் சமூகத்தில், மூடிய காப்புப் பெட்டி மீனை மட்டுமன்று, அதைச் சுமப்பவரின் பயணத்தையும் காக்கிறது. (பெட்டி வந்தால்தான் மரியாதை என்று இதற்குப் பொருளில்லை. பெட்டி இல்லாமலும் பேருந்து அவருடையதே.)

மின்சாரமே வேண்டாத குளிர்ச்சங்கிலி மாற்று ஒன்றும் இங்கே பல தலைமுறைகளாக உள்ளது: கருவாடு. விற்காத மீனுக்கு உப்பிடுவது இழப்பைத் தடுக்கும் முதல் அரண். உப்புக்கு மாவட்டத்தில் பஞ்சமில்லை. வாலிநோக்கத்தில் அரசின் உப்பு நிறுவனமே இயங்குகிறது. மணலில் பரப்பாமல் உயரமான பரண்களில் காயவைத்தால் தரமும் விலையும் கூடும். ஆனால் பரண் அமைக்கக் கடற்கரையில் இடம் வேண்டும். அந்த இடத்தின் மீதான உரிமை எவருக்கும் எழுதித் தரப்படவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மற்ற மாதங்களிலும் இப்பகுதியில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்பதே ஏற்பாடு. விசைப்படகு திரும்பும் நாளில் மீன் குவிகிறது, விலை சரிகிறது, ஐஸ் தேவை உச்சத்தைத் தொடுகிறது. மறுநாள் நிலைமை தலைகீழ். வரவு முன்கூட்டியே தெரிந்த இத்தகைய கரையில், பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் சிறிய ஐஸ் சேமிப்பு அறை இருந்தால், ஏலத்தன்றே அனைத்தையும் விற்றாகவேண்டிய நெருக்கடி தளரும்.

மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு உண்டு. 60 விழுக்காடு மானியம் பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் பெயரில் வாங்கிய வாகனங்களை இன்று ஓட்டுபவர் யார், ஐஸ் பெட்டிக்கு விண்ணப்பித்தவர்களில் வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அக்குழுவிடம் கேட்பதற்கு ஆகும் கட்டணம் 10 ரூபாய்.